மோதிரம் இறுகிய தேதி

மங்கையின் தைராய்டு மாத்திரை அளவைச் சரிபார்க்கத்தான் அன்று போனோம். மங்கை என் மனைவி. நோயாளி அவள், நான் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். துபாயில், கராமாவில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து கிளினிக்குக்கு நடந்தே போகலாம். டாக்டர் லீலா கொச்சிக்காரர். ஹார்மோன் மருத்துவர். கோயம்புத்தூரில் படித்தவர் என்பதால் எங்களிடம் தமிழில்தான் பேசுவார். மங்கையின் ரத்த அறிக்கையைப் படித்துக்கொண்டே என்னை இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார். மூன்றாம் முறை அறிக்கையை மூடி வைத்துவிட்டார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டா? ஷூ சைஸ் மாறியிருக்கா?"

"எட்டுல இருந்து ஒன்பதரை."

"எப்பருந்து?"

இப்படிக் கேட்டால் மற்றவர்கள், 'ரெண்டு மூணு வருஷம் இருக்கும் டாக்டர்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதுகிறேன். ஒவ்வொரு டைரியின் கடைசிப் பக்கங்களிலும் ஒரு பட்டியல் இருக்கும்: வாங்கிய செருப்பு, கண்ணாடி, சட்டை, அவற்றின் அளவு, வாங்கிய நாள், உடம்பில் கவனித்த சின்னச் சின்ன மாற்றங்கள். ஜனவரி பிறந்ததும் பழைய பட்டியலைப் புது டைரிக்கு மாற்றி எழுதுவேன். அதைப் பார்த்து வாசித்தேன். ஷூ எட்டரை ஆன நாள், ஒன்பது ஆன நாள். கல்யாண மோதிரம் இறுகி, சோப்புப் போட்டுக் கழற்றிய நாள். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருப்பதாகப் பல் டாக்டர் சொன்ன நாள். குறட்டையால் மங்கை ஹாலில் படுக்கத் தொடங்கிய நாள்.

டாக்டர் லீலா கணினியில் தட்டிக்கொண்டே வந்தார். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

"இப்படி ஒரு பேஷன்ட் எனக்குக் கிடைச்சதே இல்ல" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இந்தக் கட்டுரையில் ஆண்டுகளையோ தேதிகளையோ நான் எழுதப்போவதில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். காரணம் போகப் போகத் தெரியும்.

நோயை டாக்டர் எனக்கு விளக்கியது போலவே உங்களுக்கும் சொல்கிறேன். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், கொண்டைக்கடலை அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பு வளர்வதற்கான ஹார்மோன் அதிலிருந்து வருகிறது. அதில் சிறு கட்டி வந்தால், வளர்ந்து முடித்த மனிதனுக்கும் அந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும். உயரம் கூடாது. கை, கால், மூக்கு, தாடை, நாக்கு தடிக்கும். மிக மெதுவாக நடப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. புற்றுநோய் அல்ல. ஆனால் கட்டிக்கு மேலேதான் இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே போகின்றன. கட்டி பெருத்து அவற்றை அழுத்தினால் பார்வை போகும்.

"இருக்குன்னு சொல்லல. இருக்கலாம்னு சொல்றேன்" என்றார் டாக்டர். "பழைய போட்டோ இருந்தா கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் மங்கை நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். "என் மாத்திரை கூட்டணுமா குறைக்கணுமான்னு அவங்க சொல்லவே இல்லீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. மாத்திரைக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலை எங்கள் மகள் ஷாலினி போட்டோக்களைத் தேடி எடுத்தாள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பாஸ்போர்ட், விசா, அடையாள அட்டை என்று இந்த ஊரில் இருப்பவனுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முகப்படம் இருக்கும். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தாள். இடமிருந்து வலமாக மூக்கு அகன்றுகொண்டே போயிற்று. புருவ எலும்பு முன்னால் வந்தது. கடைசிப் படத்தில் உதடுகள் என் உதடுகளாக இல்லை.

"ஸாரிப்பா" என்றாள். "லாஸ்ட் ஒன் வேற யாரோ மாதிரி இருக்கு."

மங்கை முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்தாள். "தினம் பாக்குறேன். எனக்குத் தெரியலையே" என்றாள். அதையே அந்த வாரம் முழுக்க, காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சோதனைகள் தொடங்கின. முதல் சோதனை விசித்திரமானது. வெறும் வயிற்றில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். பிறகு அரை மணிக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம் ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை ஏறினால் நல்ல உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் இறங்க வேண்டும். கட்டி இருந்தால் இறங்காது.

காத்திருக்கும் அறையில் பதினான்கு நாற்காலிகள். ஒன்றின் கால் ஆடியது. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் உட்கார்ந்தது மொத்தம் அரை மணி இருக்கலாம். மீதி நேரம் சுவரோரமாக நடந்தேன். நடந்துகொண்டே, வேறு எதையாவது நினைக்க வேண்டும் என்பதற்காக, என் தொழிலின் பாடப்புத்தகத்தை மனத்துக்குள் ஒப்பித்தேன்.

என் தொழிலைச் சொல்லவில்லை. மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக க்ளெய்ம் பார்த்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை. ஆஸ்பத்திரிகள் அனுப்பும் கோரிக்கைகளைப் படித்து, பாலிசியோடு ஒத்துப்பார்த்து, 'கொடுக்கலாம்' அல்லது 'கொடுக்க முடியாது' என்று குறிப்பது. இதற்கு ஒரு தேர்வு எழுதினேன். புத்தகம் அமெரிக்காவில் அச்சானது. முதல் பாடம், அந்த நாட்டில் மருத்துவக் காப்பீடு உண்டான வரலாறு. துபாயில் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு அது எதற்கு என்று அப்போது சலித்துக்கொண்டேன். ஆனால் முழு மதிப்பெண் வாங்கினேன்.

நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைய முன்னால், டாலஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கட்ட முடியாமல் நின்ற பில்கள் குவிந்திருந்தன. அவற்றில் நிறைய பள்ளி ஆசிரியர்களுடையவை. ஆஸ்பத்திரியின் பொறுப்பில் இருந்தவர் ஒரு யோசனை சொன்னார்: ஆசிரியர்கள் மாதம் அரை டாலர் கட்டட்டும், படுக்க நேர்ந்தால் இருபத்தொரு நாள் வரை நாம் பார்த்துக்கொள்வோம். நோய் வருவதற்கு முன்பே ஆரோக்கியமானவர்கள் சேர்ந்து கொடுத்த பணம். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் இந்தப் பெரிய வியாபாரத்துக்கு அதுவும் ஒரு தொடக்கம். அந்த ஆசிரியர்களிடம், 'உங்கள் மோதிரம் எப்போது இறுகியது' என்று யாராவது கேட்டிருப்பார்களா என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

ஹார்மோன் இறங்கவில்லை. அடுத்தது எம்ஆர்ஐ. குழாய்க்குள் தலையைக் கூடு போட்டு இறுக்கி, நாற்பது நிமிடம். கட்டி பதினான்கு மில்லிமீட்டர். அதற்கடுத்தது பார்வைப் பரப்புச் சோதனை. ஒரு கிண்ணத்துக்குள் பார்த்தபடி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். ஒழுங்காக அமுக்கினேன் என்றுதான் நினைத்தேன். அச்சாகி வந்த தாளில் இரண்டு கண்களுக்கும் வெளி ஓரங்களில் கறுப்பு. அங்கே வந்த புள்ளிகளை நான் பார்க்கவே இல்லை. அல் கூஸ் பக்கம் வண்டி ஓட்டும்போது, ஓரத்தில் வந்த பைக்காரனைக் கவனிக்காமல் இரண்டு முறை திட்டு வாங்கியது நினைவுக்கு வந்தது. இரண்டும் டைரியில் இருந்தன.

அறுவை மருத்துவர் சிரியாக்காரர். மூக்கு வழியாகவே குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்றார். தலையைத் திறக்க வேண்டாம். "நாலு வாரம் போகலாம். ஆறு வாரம்கூடப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் கண்ணுக்கு நான் பொறுப்பில்லை" என்றார். செலவு மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தேன். என் ஒன்பது மாதச் சம்பளம். காப்பீடு இருக்கிறதே என்று மங்கையிடம் சொன்னேன். சொன்னவன் அந்தத் துறைக்காரன் என்பதால் அவள் நம்பினாள்.

இங்கே செல்வராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் நோய் தெரிவதற்கு நான்கு மாதம் முன்பு, ஜெபல் அலி கிடங்கு ஒன்றில் பெட்டி ஏற்றி இறக்கும் ஒருவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் வேண்டுமென்று கோரிக்கை வந்தது. குடல் பிதுங்கி அடிவயிற்றில் வீங்குவது. பாரம் தூக்குபவர்களுக்கு அதிகம் வரும். டாக்டர் குறிப்பில், 'இரண்டு ஆண்டுகளாக வீக்கம்' என்று இருந்தது. பாலிசி தொடங்கி எட்டு மாதம். பாலிசிக்கு முந்தைய நோய், படிவத்தில் தெரிவிக்கப்படவில்லை என்று குறித்து நான்தான் திருப்பி அனுப்பினேன். மூன்று நிமிட வேலை. தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கால் சென்டரிலிருந்து மறுநாள் ஒரு அழைப்பை என்னிடம் மாற்றினார்கள். அவர்தான். பெரம்பலூர்ப் பக்கம்.

"சார், டாக்டரு எப்பருந்து இருக்குன்னு கேட்டாரு. கோயில் திருவிழாவுக்கு லீவுல போயிருந்தப்ப மொதல்ல பாத்தேன், அதனால ஞாவகம் இருந்துச்சு. சொன்னேன். தேதிய ஞாவகம் வெச்சது குத்தமா சார்?"

"குத்தம்னு யாரும் சொல்லலீங்க. பாலிசி ரூல் அப்படி."

"ஞாவகம் இல்லன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருப்போம் என்பதுதான் உண்மை.

என் கோரிக்கைக்கான பதில் ஆறாம் நாள் வந்தது. அலுவலக ஊழியர்களின் கோப்புகளை வேறு பிரிவு பார்க்கும். அதனால் யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாசகம் தெரியும். அதை எத்தனையோ முறை என் கையால் குறித்திருக்கிறேன். பாலிசிக்கு முந்தைய நோய், படிவத்தில் தெரிவிக்கப்படவில்லை. இந்த அலுவலகத்தில் நான் சேர்ந்து பதினான்கு மாதம். பாலிசியும் அன்றே தொடங்கியது. மோதிரம் இறுகியது அதற்கு இருபத்திரண்டு மாதம் முந்தி. டாக்டர் லீலாவின் குறிப்பில் எல்லாம் இருந்தது, நான் நிறுத்தி நிறுத்தி வாசித்தபடியே.

சேரும்போது கொடுத்த படிவத்தில், 'ஏதேனும் நோய் அல்லது நோய்க்குறி உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்திருந்தேன். பொய் சொல்லவில்லை. மோதிரம் இறுகுவது நோய்க்குறி என்று யாருக்குத் தெரியும்?

வீட்டில் சொன்னபோது மங்கை, "உங்க டைரிய யாரு காட்டச் சொன்னது?" என்றாள்.

"டாக்டர் கேட்டாங்க."

"அவங்க எப்பருந்துன்னுதான் கேட்டாங்க. ஞாபகம் இல்லன்னு சொல்ற வாய் உங்களுக்கு மட்டும் இல்ல. எங்க அண்ணன் கல்யாணத் தேதிய மறந்துட்டீங்க, ஷூ வாங்கின தேதி மறக்கல."

"அதுவும் டைரியில இருக்கு."

"பேசாதீங்க."

ஷாலினி நடுவில் வந்து, "அம்மா, டயரி எழுதறது க்ரைமா?" என்றாள். இதே கேள்வியை வேறு வார்த்தையில் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார் என்று அவளிடம் சொல்லவில்லை.

என் மேலாளர் இம்ரான், கராச்சிக்காரர். இந்தியில் பேசிக்கொள்வோம். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே வழி சொன்னார். "நடராஜன் பாய், டாக்டரிடம் சொல்லுங்கள், ஆறு மாதம் என்று மாற்றி எழுதித் தரட்டும். எல்லாரும் செய்வதுதான். கலாஸ், வேலை முடிந்தது."

"நாம் அதைக் கண்டுபிடித்தால் ஆஸ்பத்திரிக்கு எச்சரிக்கை அனுப்புகிறோமே."

"கண்டுபிடித்தால்தானே."

மறுநாள் டாக்டர் லீலாவிடம் போய் அதைக் கேட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எழுதினத மாத்த முடியாது சார். கூட எழுதலாம். உங்க கையில இருக்கிறது உண்மை. அதுல பாதிதான் அவங்களுக்குப் போயிருக்கு. மீதி இருக்கான்னு பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய டைரிகளைப் பிரித்தேன். சுருக்கப் பட்டியல் அல்ல, முழு டைரிகள். மோதிரம் இறுகிய மாதத்திலேயே, காய்ச்சலுக்காக வேறொரு கிளினிக்குக்குப் போனது எழுதியிருந்தது. "டாக்டரிடம் விரலையும் காட்டினேன். உடம்பு போட்டிருக்கிறது, சோற்றைக் குறையுங்கள் என்றார். ஒன்றுமில்லை என்றார்."

இந்தப் பக்கத்தை அனுப்பினால் இரண்டு மாதிரி ஆகலாம். 'டாக்டரே ஒன்றுமில்லை என்றபோது இவர் எப்படி நோயென்று தெரிவிக்க முடியும்' என்று படிக்கலாம். 'பாலிசிக்கு முன்பே டாக்டரிடம் காட்டியிருக்கிறார்' என்றும் படிக்கலாம். என் மேஜைக்கு வந்திருந்தால் நான் எப்படிப் படித்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது மாதிரிதான்.

"ஒரு பக்கம் காட்டினது போதாதாங்க?" என்றாள் மங்கை.

"மறைச்சா, பிறகு அது தெரிஞ்சா, பாலிசியே போயிடும்."

"காட்டினா?"

"தெரியல."

அனுப்பினேன். டாக்டர் லீலாவும் ஒரு கடிதம் கொடுத்தார்: ஒருவர் மாற்றத்தைக் கவனித்த நாள் வேறு, அது நோய் என்று ஒரு மருத்துவரிடமிருந்து தெரிந்துகொண்ட நாள் வேறு, இவர் முதலாவதை எழுதி வைத்திருந்தார் என்பதற்காக இரண்டாவதும் அன்றே நடந்ததாகாது.

பிறகு காத்திருந்த நாட்கள். இதைத்தான் எனக்குச் சரியாக எழுத வரவில்லை. உட்கார முடியாது. கராமாவில் ஒவ்வொரு சந்தாக நடப்பேன். மெட்ரோவில் ஏறி, எங்கோ இறங்கி, எதிர்ப்பக்க வண்டியில் திரும்புவேன். கண் ஓரத்தைச் சோதிக்க, நேரே பார்த்தபடி கையைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டுவேன். பஸ் நிறுத்தத்தில் யாரோ தன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துத் திரும்பிக் கையசைத்தார். அரை மணிக்கு ஒரு முறை மின்னஞ்சல் பார்ப்பேன்.

பாடப்புத்தகம் மறுபடி வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் சம்பளம் ஏற்றக் கூடாது என்று கட்டுப்பாடு. ஆள் பற்றாக்குறை. சம்பளம் ஏற்ற முடியாத கம்பெனிகள், 'எங்களிடம் வா, மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம்' என்றன. அதற்கு வரியும் இல்லை என்றானது. அப்படித்தான் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. யாரும் உட்கார்ந்து யோசித்துத் திட்டமிட்டதல்ல. போர் முடிந்தும் அது பிரியவில்லை. வேலை இல்லாத முதியவர்களும் ஏழைகளும் வெளியே நின்றார்கள். இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அரசாங்கம் அவர்களுக்கென்று திட்டம் கொண்டுவந்தது. பிறகு செலவு கைமீறிப் போனபோது, முதலில் அனுமதி வாங்கு, பிறகு வைத்தியம் செய் என்ற வழக்கம் வந்தது. என் பிழைப்பே அந்த வழக்கத்தால்தான்.

இங்கே எங்களுக்கு அந்த ஒட்டுதல் இன்னும் கெட்டி. வேலை போனால் காப்பீடு மட்டும் போகாது. விசாவும் போகும், வீடும் போகும், ஷாலினியின் பள்ளிக்கூடமும் போகும். ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன் ஆகாமல் கண் மங்கினால், கோப்பு படிக்க முடியாதவனை எந்த அலுவலகம் வைத்திருக்கும்? ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளலாமே என்று மங்கையின் அண்ணன் திருச்சியிலிருந்து சொன்னார். போகலாம். இருக்கும் லீவு பன்னிரண்டு நாள். அதற்கு மேல் போனால் திரும்பி வரும்போது நாற்காலி இருக்குமா என்று எனக்கு உறுதியில்லை.

பாடத்தின் கடைசிப் பகுதி, முந்தைய நோய் பற்றியது. அமெரிக்காவில் வெகுகாலம் தனியாகப் பாலிசி வாங்குபவரின் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டி, எப்போதோ எதற்கோ டாக்டரிடம் போனதைக் காட்டி மறுத்திருக்கிறார்கள். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சட்டம் வந்துதான் அது நின்றது. நோய் வந்த பிறகு காப்பீடு வாங்க அனுமதித்தால் யாரும் முன்கூட்டிப் பணம் கட்ட மாட்டார்கள் என்பது நிறுவனங்களின் வாதம். அது தப்பான வாதமில்லை என்று தேர்வில் எழுதினேன். இப்போதும் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாதத்தில், உள்ளதைச் சொன்னவனும் மறைத்தவனும் ஒரே தாளில் ஒரே மாதிரி தெரிகிறார்கள். மறைத்தவனாவது தப்பித்துவிடுகிறான்.

பதினோராம் நாள், பகல் உணவு நேரத்தில், மேல்முறையீட்டுப் பிரிவு மருத்துவரிடமிருந்து போன். பெயர் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் காய்ச்சல் டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னதை நீங்கள் நம்பினீர்களா?"

"நம்பினேன். ஒன்றரை மாதம் சோற்றைக் குறைத்தேன். தினமும் எடை பார்த்து எழுதியிருக்கிறேன்."

எதிர்முனையில் சிரிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. நான்கு மணிக்கு அனுமதி வந்தது. செலவில் ஐந்தில் ஒரு பங்கு நாங்கள் கட்ட வேண்டும். மங்கைக்குப் போன் செய்தேன். "சரி" என்றாள். மறுபடி "சரி" என்றாள். பிறகு போனைக் கீழே வைக்காமலே அழுதாள்.

ஆபரேஷன் மூன்று மணி நேரம் என்றார்கள். எனக்கு அது ஒரு நொடி. விழித்தபோது மூக்கு இரண்டு பக்கமும் அடைக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் வாயால்தான் மூச்சு. நாக்கு மரக்கட்டை மாதிரி காய்ந்துபோகும். தும்மக் கூடாது, குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டினால் உடனே சொல்ல வேண்டும்; அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம்.

இன்னொரு கவனிப்பும் உண்டு. உடம்பில் தண்ணீர் நிற்பதற்கான உத்தரவும் அந்தச் சுரப்பி வழியாகத்தான் போகிறது. ஆபரேஷனில் அது கலங்கினால் சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போகும். அதனால் குடிப்பதையும் கழிப்பதையும் மில்லிலிட்டரில் அளந்துகொண்டே இருப்பார்கள். எனக்கு இதைவிடப் பொருத்தமான நோய் கிடைத்திருக்காது என்று மங்கை நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் ஜெஸ்ஸி மார்த்தாண்டத்துக்காரர். நான் ஜாடையில் தாளும் பேனாவும் கேட்டபோது, "நான் எழுதிட்டுத்தான் இருக்கேன் சார். ரெண்டு பேரும் எழுதினா ரெண்டு கணக்கு வரும். நீங்க சும்மா கிடங்க" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக நான் எதையும் எழுதாத இரண்டு நாட்கள் அவை.

மூன்றாம் நாள் அடைப்பை எடுத்த பிறகு ஷாலினி வந்தாள். அவள் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த கோடு. துணி மாட்டும் கிளிப்பைப் போட்டுக்கொண்டு ஹோம்வொர்க் செய்து பார்த்தாளாம். "உங்களுக்கு எப்படி இருக்கும்னு பாத்தேம்ப்பா. பதினேழு நிமிஷம்தான் முடிஞ்சுது." அந்த எண்ணை அவள் குறித்து வைத்திருந்தது எனக்குப் பிடித்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

நான்காம் நாள் என் விரல்களைப் பார்த்தேன். தோல் லேசாகச் சுருங்கியிருந்தது. எலும்பு பழையபடி ஆகாது, ஆனால் சதையில் ஏறிய வீக்கம் இறங்கும் என்று டாக்டர் லீலா சொல்லியிருந்தார். ஆறாவது வாரப் பார்வைச் சோதனையில் கறுப்பு ஓரங்கள் பெரும்பாலும் வெளுத்துவிட்டன. ஹார்மோன் அளவும் இறங்கியது. வருடத்துக்கு ஒரு முறை எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்க வேண்டும். இப்போது இது என் பெயரில் எழுதப்பட்ட, தெரிவிக்கப்பட்ட, முந்தைய நோய்.

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் செல்வராசுவின் கோப்பைத் திறந்தேன். ஆபரேஷன் நடந்ததற்கான பதிவு எதுவும் இல்லை. மறுபரிசீலனை கேட்பதற்கான கெடு முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. இம்ரானிடம் கேட்டேன். "உங்கள் தலையில் கட்டியை எடுத்தார்களா, வேறு எதையாவது வைத்தார்களா?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

"உங்க ஹெர்னியா கேஸ் விஷயமாப் பேசறேன். ஆபரேஷன் ஆயிடுச்சுங்களா?"

"எங்க சார் ஆவறது. பெல்ட்டு கட்டிக்கிட்டு டூட்டிக்குப் போறேன். என்னா இப்ப?"

"மறுபடி பார்க்கச் சொல்லிக் கேக்கலாம். நான் உதவி பண்றேன். சில விவரம் மட்டும் வேணும். முதல்ல எந்த டாக்டர்கிட்ட காட்டுனீங்க, எப்ப..."

"எனக்கு எந்தத் தேதியும் ஞாவகம் இல்ல சார்."

"திருவிழா சமயம்னு சொன்னீங்களே."

"எந்தத் திருவிழா? எனக்கு ஒண்ணும் ஞாவகம் இல்ல. நான் பொறந்த தேதிகூட மறந்துபோச்சு." பின்னால் ரூமில் யாரோ சிரித்தார்கள். "மொத வாட்டி சொன்னதுக்கே பெல்ட்டு கட்டிக்கிட்டுத் திரியிறேன்."

வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்தது. "எனக்கும் அதே பதில்தான் வந்துச்சு" என்றேன். "எனக்கு தலையில கட்டி. எப்பருந்துன்னு கேட்டாங்க. டைரியப் பாத்து தேதி தேதியாச் சொன்னேன். திருப்பி அனுப்பிட்டாங்க."

"அந்த ஆபீஸ்லயே இருந்துக்கிட்டா?"

"அங்கேயே இருந்துக்கிட்டு."

"அப்ப உங்களுக்கே தெரியலையா சார், சொல்லக் கூடாதுன்னு?"

"தெரியல."

இப்போது அவரே சிரித்தார். "ஞாயித்துக்கெழம லீவு. கேம்ப்புக்கு வாங்க. நேர்ல பேசலாம். ஆனா அந்த நோட்டு கீட்டு எதையும் கொண்டாராதீங்க."

மறுபரிசீலனைப் படிவத்தை எடுத்துப் படித்தேன். எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன், ஒரு முறையும் முழுக்கப் படித்ததில்லை. அதில் வீக்கம் எப்போது தொடங்கியது என்ற கேள்வியே இல்லை. பாலிசிக்கு முன் எந்த மருத்துவராவது இதை இன்ன நோய் என்று உங்களிடம் சொன்னாரா என்பது மட்டும்தான்.

ஞாயிறு காலை கிளம்பும்போது மங்கை வாசல் வரை வந்தாள். "டைரி மேஜை மேலயே இருக்குங்க."

"இருக்கட்டும்."

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஜெபல் அலி வரை மெட்ரோ, பிறகு பஸ். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் அவர் ரூம் இரண்டாம் மாடியில். கீழ்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார், முப்பத்தெட்டு வயதிருக்கும், ஒல்லி. பனியனுக்கு மேல் அகலமான பெல்ட். என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"பேனா இருக்கு."

"கையெழுத்துப் போட ஒண்ணு வேணும்ல."

"சரி, இருக்கட்டும்." தட்டில் வேர்க்கடலையை என் பக்கம் தள்ளினார். என் கைகளைச் சற்று நேரம் பார்த்தார். "உங்களுக்கு மொதல்ல எங்க தெரிஞ்சுது சார்?"

மோதிர விரலைக் காட்டினேன். சோப்புப் போட்டுக் கழற்றியதைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கதவைக் காலால் தள்ளிச் சாத்திவிட்டு, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, அவருடைய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். தேரடியில் கூட்டம், தோளில் பிள்ளை, இறக்கிவிட்டபோது சுருக்கென்று ஒரு வலி. ஊரிலிருந்து திரும்பியதும் கேம்ப் கிளினிக்கில் காட்டியபோது வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

அது எந்த ஆண்டுத் திருவிழா என்று நான் கேட்கவில்லை.